வரிக்குதிரை மீன் கரு: சடுதிமாற்ற ஆய்வுகளின் வரலாறு

கருவில் தலை, வால், முதுகு, வயிறு ஆகியவை உரிய இடத்தில் உருவாவதை மரபணுக்கள் எவ்வாறு ஆள்கின்றன என்பது, அம்மரபணுக்கள் பழுதுபட்ட வரிக்குதிரை மீன்களின் வழியாகவே பெரிதும் விளங்கியது. கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளுக்குரிய இச்சிறுமீனை 1822-இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்தார். 1930-களில் கருவியலாளர் சிலர் இதனைப் பயன்படுத்தினர்.

தொடக்கம். அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டிரைசிங்கர், தாயின் மரபணுக்களை மட்டுமே கொண்ட ஒரேமாதிரியான மீன்களை உருவாக்கும் முறையை 1981-இல் வெளியிட்டார். 1984-இல் அவர் மறைந்தபின் சார்லஸ் கிம்மல் முதலானோர் பணியைத் தொடர்ந்தனர். 1991-இல் விவரிக்கப்பட்ட ‘சைக்ளாப்ஸ்’ மீனில் இரு கண்களும் நடுவில் ஒன்றிணைகின்றன; முதுகுநாண் இருந்தும் நரம்புக்குழலின் அடித்தளம் உருவாவதில்லை. அவ்வடித்தளத்தை முதுகுநாணே தூண்டுகிறது என்பது கோழிக்கரு ஆய்வாளர் பலரின் கருத்து. மீன் ஆய்வாளர் சிலர் அதனை ஏற்கவில்லை. இரு விலங்குகளிலும் வழிமுறை ஓரளவு வேறுபடலாம்.

பெருந்தேடல். ஜெர்மனியின் டூபிங்கனில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-வோல்ஹார்ட் குழுவும், பாஸ்டனில் வோல்ஃப்காங் டிரீவர், மார்க் ஃபிஷ்மன் குழுக்களும் 1990-களில் இத்துறையின் மிகப்பெரிய முயற்சியில் இறங்கின. சடுதிமாற்றம் தூண்டும் வேதிப்பொருள் கலந்த நீரில் ஆண் மீன்களை வைத்து, பின் அவற்றை இனப்பெருக்கம் செய்வித்தனர். மறைந்திருக்கும் பழுது மூன்றாம் தலைமுறையில்தான், ஏறத்தாழ நான்கில் ஒரு கருவில் வெளிப்படும். ஒவ்வொரு குடும்பத்தின் முட்டைகளையும் நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்தனர். கரு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது. 24 மணி நேரத்தில் உடலின் அடிப்படை வடிவம் அமைந்துவிடும். அதனால் இதயத்துடிப்பும் முதுகுநாணும் உயிருடனிருக்கும் கருவிலேயே தெரிந்தன. 1996 டிசம்பரில் ‘டெவலப்மென்ட்’ இதழின் ஒரே வெளியீட்டில் 37 கட்டுரைகள் வந்தன. டூபிங்கன் குழு மட்டும் 372 மரபணுக்களை இனங்கண்டது.

பழுதுபட்ட மீன்களுக்கு அவற்றின் உருவத்தை ஒட்டியே பெயரிட்டனர். ‘ஸ்னெயில்ஹவுஸ்’ கருவில் வயிற்றுப்புறத் திசுக்கள் குறைந்து, உடல் நத்தை ஓடுபோல் சுருளும். ‘ஸ்வர்ல்’ மீனும் இவ்வகையே. ‘டினோ’வில் இதற்கு நேர்மாறாகத் தலை சிறுத்து, இரத்தம் உருவாகும் பகுதி பெருகும். முன்னிரண்டிலும் பழுதுபட்டவை பிஎம்பி எனும் சைகைப் புரதங்களுக்கான மரபணுக்கள் என்றும், மூன்றாவதில் பழுதுபட்டது அப்புரதத்தைத் தடுக்கும் கார்டின் மரபணு என்றும் பின்னர் தெரியவந்தது. கருவின் முதுகும் வயிறும் இவ்விரு புரதங்களின் எதிரெதிர் இழுப்பால் நிலைபெறுகின்றன. பழ ஈயிலும் இதே இணை தலைகீழ்த் திசையில் செயல்படுகிறது.

பின்னர். நோடல் எனும் சைகைப் புரத வகையைச் சேர்ந்த ‘சைக்ளாப்ஸ்’, ‘ஸ்குவிண்ட்’ மரபணுக்கள் இரண்டும் பழுதானால் தலை, உடற்பகுதிகளின் இடையடுக்கு உருவாவதில்லை என 1998-இல் அறியப்பட்டது. தாய்முட்டையிலேயே சேமிக்கப்படும் ‘ஸ்குவிண்ட்’ ஆர்என்ஏ முதுகுத் திசையைத் தீர்மானிக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2013-இல் மரபணுத் தொகுதியின் முழு வரிசை வெளியானது. மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டிற்கு இம்மீனில் இணை உண்டு. அதே ஆண்டில் மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறையும் இம்மீனில் கையாளப்பட்டது. மரபணுவின் செயலைத் தற்காலிகமாக அடக்கிய கருக்களில் தெரியும் குறைகள், அதே மரபணு பழுதான மீன்களில் சிலவேளை தெரிவதில்லை. பிற மரபணுக்கள் ஈடுசெய்வது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 2018-இல் விவரிக்கப்பட்ட ‘ஹுலுவா’ மரபணு தாயிடம் பழுதானால், கருவில் முதுகுப்புறமும் தலையும் உருவாவதில்லை.