கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குலோத்துங்கன்

குலோத்துங்கன் என்று சொன்னால் எங்கள் அரியலூர் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது கங்கைகொண்ட சோழபுரம்தான். 1070-இல் ஆட்சிக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் வரை ஆண்ட முதலாம் குலோத்துங்க சோழன். சுங்கத்தை நீக்கியதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கியவன். 1077-இல் அவன் சீனாவுக்குத் தூதுக்குழு அனுப்பிய செய்தி சீன ஆவணங்களில் இருக்கிறது. எந்த ஆட்சியாண்டில் எந்தக் கோயிலுக்கு எவ்வளவு நிலம் போனது என்பதுவரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 900 வருஷம் கழித்தும் நாம் உட்கார்ந்து படிக்கிறோம்.

இந்தப் பதிவு அவனைப் பற்றியது இல்லை. அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் தஞ்சாவூர்க்காரர். கலியா குலோத்துங்கன், தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர், நடுக்களத்தில் ஆடியவர். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியிருக்கிறார். பிறகு மும்பை எஃப்சி, விவா கேரளா, பவானிபூர். சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டு அணிக்குத் தலைமை தாங்கியிருக்கிறார். 2018 அக்டோபர் 20 அன்று தஞ்சாவூரில் இருசக்கர வாகன விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 41.

இதை வாசிக்கிறவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்? கிரிக்கெட்டில் இதில் கால்வாசி உயரத்தைத் தொட்டவருக்குக்கூட ஊரில் பேனர் இருக்கும்.

சரி, அவர் இருந்த இடம் எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். 2003 ஜூலையில் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப் நடந்தது. (அப்போது அரியலூர் தனி மாவட்டம் இல்லை. 2001-இல் பிரித்து, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். இப்போதுள்ள மாவட்டம் 2007 நவம்பரில் வந்தது.) இந்தியாவிலிருந்து போன ஈஸ்ட் பெங்கால் அணியில் குலோத்துங்கனும் இருந்தார். பயிற்சியாளர் சுபாஷ் பௌமிக்.

முதல் ஆட்டத்திலேயே தாய்லாந்தின் பெக் டெரோ சசானாவிடம் 0-1 என்று தோல்வி. அது சாதாரண அணி இல்லை, அந்த ஆண்டின் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி வரை போயிருந்த அணி. அடுத்து பிலிப்பைன்ஸ் ஆர்மியை 6-0 என்று அடித்தார்கள், ஆறு கோலும் பாய்ச்சுங் பூட்டியா. காலிறுதியில் பெர்சிட்டாவை 2-1. அரையிறுதியில் பெட்ரோகிமியா புத்ராவோடு 1-1, பெனால்டியில் 7-6. ஜூலை 26 இறுதிப்போட்டியில் மறுபடி அதே பெக் டெரோ. இந்த முறை 3-1. ஓர் இந்தியக் கிளப் வெளிநாட்டில் வாங்கிய வெற்றிகளில் இன்றைக்கும் முதல் வரிசையில் வைத்துப் பேசுவது இதைத்தான். அடுத்த வருஷம் 2003-04 தேசிய கால்பந்து லீக் பட்டமும் ஈஸ்ட் பெங்காலுக்கே. அந்த அணியிலும் குலோத்துங்கன் இருந்தார்.

அந்த ஜகார்த்தா இறுதிப்போட்டியின் பதிவை எங்கே தேடினாலும் மூன்று பெயர் உடனே கிடைக்கும். மைக் ஒகோரோ, பூட்டியா, ஆல்விட்டோ டி'குன்ஹா. கோல் அடித்தவர்கள். எத்தனையாவது நிமிடம் என்பதுகூட இருக்கும். நான் தினமும் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிற ஆள், அதனால் இதை அந்தக் கண்ணோடுதான் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு அட்டவணையில் எந்தக் காலம் இருக்கிறதோ அந்தத் தகவல்தான் பிழைக்கும். காலமே போடாத தகவல் அன்றைக்கு ராத்திரியே செத்துப்போகும். அந்தக் காலத்து இந்தியக் கால்பந்துப் பதிவுகளில் இருந்தவை தேதி, அணி, ஸ்கோர், கோல் அடித்தவர், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, அவ்வளவுதான். பந்தை யார் பறித்தார், யார் திருப்பிவிட்டார், கோலுக்கு இரண்டு பாஸ் முன்னால் யார் இருந்தார் என்பதற்குக் காலமே கிடையாது.

நடுக்கள ஆட்டக்காரரின் வேலை முழுக்க அந்த இல்லாத காலங்களில்தான் நடக்கிறது. தடுப்பாட்டக்காரரிடமிருந்து பந்தை வாங்கணும், தலையைத் தூக்கிப் பார்க்கணும், எதிராளி நெருங்குவதற்குள் முன்னால் இருப்பவனுக்குத் தள்ளணும். பந்து போனதும் ஓடித் திரும்பி தன் இடத்தை அடைக்கணும். ஒழுங்காகச் செய்தால் ஆட்டம் 'தானாக' ஓடுகிற மாதிரி இருக்கும். செய்யாவிட்டால்தான் கண்ணுக்குத் தெரியும்.

இது நம்ம ஊர்க் குறை மட்டும் இல்லை. அதே 2003-இல் ரியல் மாட்ரிட், டேவிட் பெக்காமை வாங்கிவிட்டு, நடுக்களத்தில் பந்து பறித்துக் கொடுக்கும் கிளாட் மக்கலேலேவை செல்சிக்கு விற்றது. மக்கலேலே அதிகம் கோல் அடிப்பவர் இல்லை. அவர் போன பிறகு ரியல் மாட்ரிட் அடுத்த ஸ்பெயின் லீக் பட்டம் வாங்க 2007 ஆனது. செல்சி 2005, 2006 இரண்டிலும் இங்கிலாந்து லீக்கை வென்றது. ஒரே ஆளால் எல்லாம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கில் வராத வேலைக்கு விலை என்ன என்று அதற்குப் பிறகுதான் உலகம் பேச ஆரம்பித்தது.

கோலுக்கு மட்டும் ஞாபகம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு நம்ம உதாரணமே இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணியிடம் இந்தியா 1-3 என்று தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் தமிழ்நாட்டின் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல் அதுதான். தோற்ற ஆட்டம், ஆனாலும் வினாடி வினாப் புத்தகம் வரை அவர் பெயர் வந்துவிட்டது. வரவேண்டியதுதான். ஆனால் அந்தப் பந்து அவர் காலுக்கு வந்த வழியைக் கேட்டால் யாரும் சொல்வதில்லை.

குலோத்துங்கனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, அது ஊர். அவர் பெயர் வாங்கிய ஆட்டமெல்லாம் நடந்தது கொல்கத்தாவில். அன்றைக்கு ஒரு தமிழ்நாட்டுப் பையன் கால்பந்தை நம்பிப் பெரிதாக வாழணும் என்றால் கொல்கத்தாவுக்கோ கோவாவுக்கோதான் ரயில் ஏறணும். சென்னையில் ஆட்டம் வங்கி அணிகளையும் அரசுத் துறை அணிகளையும் நம்பி நடந்தது. சந்தோஷ் டிராபியைத் தமிழ்நாடு இன்றுவரை ஒரு முறைகூட வென்றதில்லை. அதனால் அவரைப் பார்த்து கை தட்டியவர்கள் வங்காளிகள். தஞ்சாவூர் டவுனைத் தாண்டி, கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு அவர் வெறும் பத்திரிகைச் செய்தி. கங்கை வரை படை போன கதையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். கங்கைக்கரைக்குப் பந்து விளையாடப் போன டெல்டாக்காரரை யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் இறந்து ஆறாவது நாள், 2018 அக்டோபர் 26 அன்று, கோயம்புத்தூரில் புதிய ஐ-லீக் தொடர் ஆரம்பித்தது. அதில் சென்னை சிட்டி எஃப்சி 2019 மார்ச் 9 அன்று பட்டம் வென்றது. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி. 43 புள்ளிகள். ஒரே ஒரு புள்ளி குறைந்து, 42-இல் இரண்டாவது வந்தது யார் தெரியுமா? ஈஸ்ட் பெங்கால். தமிழ்நாட்டில் ஒரு அணி இந்த இடத்துக்கு வர வேண்டும் என்று காத்திருந்த தலைமுறையின் ஆள் அவர். இன்னும் ஐந்து மாதம் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்று பார்த்திருப்பாரோ!

ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் போட்டி நடத்துகிற தம்பிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பரிசளிப்பில் 'அதிக கோல் அடித்தவர்' கோப்பை இருக்கும், 'சிறந்த கோல்கீப்பர்' இருக்கும். நடுவில் நின்று ஒன்றரை மணி நேரம் ஓடிய பையன் வெறும் கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போவான். தேர்வாளர்கள் வந்து கேட்டாலும் கோல் கணக்கைத்தான் காட்டுவீர்கள். அவன் அடுத்த வருஷம் வேலைக்குப் போய்விடுவான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஆடியவர் பெயர், எந்த இடத்தில் ஆடினார், எத்தனை நிமிடம் ஆடினார், கோலுக்கு முந்தைய பாஸ் யாருடையது. நான்கே நான்கு காலம் கூடுதலாகப் போடுங்கள். கல்லில் வெட்டச் சொல்லவில்லை, பேனாவால் எழுதினால் போதும்.