ஆற்றங்கரையிலிருந்து குன்றுக்கு: விக்டோரியா கல்விக்கூடமும் கோலாலம்பூர் நகரத் திட்டமும்

இன்று துன் எச்.எஸ்.லீ சாலை எனப்படும் அன்றைய ஹை ஸ்திரீட்டில், 1893ஆம் ஆண்டு விக்டோரியா கல்விக்கூடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மகாராணியாரின் பொன்விழாவிற்கெனத் திரட்டப்பெற்று எஞ்சிய பணமே அதற்கு வித்து. யாப் குவான் செங், லோக் இயூ ஆகியோரோடு தம்புசாமிப் பிள்ளையும் அதன் புரவலராக நின்றார். ஈயச் செல்வம் கல்விச் செல்வமான கதை அது.

கடைத்தெருவிற்கும் கிள்ளான் ஆற்றிற்கும் இடைப்பட்ட அந்நிலம் சிற்றூர்ப் பள்ளிக்குப் போதுமானதாக இருந்தது. ஊரோ வளர்ந்தது, ஆறும் அடிக்கடி கரைபுரண்டது. அவ்விடத்திலேயே இடித்துக் கட்டியிருக்கலாகாதா என்று மாணவர் வினவலாம். கட்டடம் புதிதாகும், ஆறு பழைய ஆறாகவே இருக்கும்.

1921இல் கூட்டு மலாய் மாநிலங்களின் நகரத் திட்ட அதிகாரியாகச் சார்லஸ் ரீட் பொறுப்பேற்றார். கடைக்கு எது, குடியிருப்புக்கு எது, பொதுப் பயனுக்கு எது என நிலத்தை வகுக்கும் சிந்தனை அவரால் இங்கு வலுப்பெற்றது. பள்ளியின் இடமாற்றத்தை அவர் ஒருவரின் செயலாகக் கொள்வது பொருந்தாது. ஆயினும், பள்ளிக்கு மேட்டுநிலமும் விரிந்த திடலும் வேண்டும் என்பது அக்காலத்தின் எண்ணமாயிற்று. 1926இன் பெருவெள்ளம் அதனை எல்லார்க்கும் உணர்த்தியது. 1929இல் பெட்டாலிங் குன்றில் புதிய பள்ளி திறக்கப்பட்டது.

அக்குன்றின் அருகில்தான் 1957இல் மெர்டேக்கா அரங்கமும், நம் காலத்தில் மெர்டேக்கா 118 கோபுரமும் எழுந்தன. பள்ளி இன்றும் அங்கேயே இயங்குகின்றது.