கரையோரம் அமர்ந்த பிள்ளைகள்

நெய்வேலியில் 1962ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த முதல் அனல் மின் நிலையம் 2020இல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக எழுந்ததும் பழுப்பு நிலக்கரி நிலையமே. ஆயினும், நிலக்கரியையே கைவிட வேண்டும் என்ற குரல் உலகெங்கும் வலுத்துவரும் இந்நாளில், அச்சுரங்கத்தை நம்பி வாழும் ஊர்களின் கதி என்ன என்ற வினா நம் வாசலுக்கும் வந்துவிட்டது. நிறுத்தத்தக்க ஒன்றை நிறுத்தும்போது அதன் விலையைக் கொடுப்பவர் யார்? காஞ்சிபுரத்துத் தறிகள் இவ்வினாவை முன்னரே சந்தித்திருக்கின்றன.

சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு மற்றொரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பிணைப்பதே கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவரின் கைகள் போதா. ஒரு பக்கக் கரையோரம் துணையாள் அமர்ந்து நாடாவைச் செலுத்த வேண்டும். நெடுங்காலம் அத்துணையாளாகப் பல வீடுகளில் அமர்ந்தது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. சொந்தப் பிள்ளையாயின் கூலி இல்லை. பிறர் பிள்ளையாயின் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக வந்து அமர்ந்தது. பட்டும் சரிகையும் நெசவுக்கூலியும் விலைக்கணக்கில் ஏறின. அப்பிள்ளை இழந்த பள்ளிக்கூடம் ஏறவில்லை.

1986ஆம் ஆண்டுச் சட்டம் நெசவில் குழந்தை உழைப்பைத் தடுத்தது. ஆனால் குடும்பத் தொழிலுக்கு விலக்களித்தது. தறி இருப்பதோ வீட்டுக்குள்! பின்னர், சிவகாசியை முன்னிட்டு எழுந்த வழக்கில், 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தரவேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் வழங்கவேண்டும். வேலையை நிறுத்தச் சொன்ன அதே வாயால் மாற்று வேலையையும் சொன்னதே அத்தீர்ப்பின் பெருமை என்பேன்.

காஞ்சியில் பிள்ளைகள் படிப்படியாகப் பள்ளிக்குச் சென்றனர். அதைவிட நல்ல செய்தி வேறில்லை. ஆனால் கரையோரத்து இடத்துக்குப் பெரியவர் ஒருவரை அமர்த்தும் கூலி நெசவாளர் தலையில் விழுந்தது. பலர் கோர்வையைக் கைவிட்டு, ஒருவரே நெய்யக்கூடிய சேலைகளுக்கு மாறினர். வளர்ந்த பிள்ளைகளும் தறிக்குத் திரும்ப விரும்பவில்லை. அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. திருப்பெரும்புதூரில் 2006இல் நோக்கியா வந்தது. இவ்வட்டார இளைஞர் பலருக்கு ஆலைப் பேருந்தே வாழ்வாயிற்று. நோக்கியா ஆலையோ 2014 நவம்பரில் நின்றுபோனது.

ஜெர்மனி தன் கருநிலக்கரிச் சுரங்கங்களை மூட 2007இலேயே முடிவெடுத்தது. பாட்ராப் நகரின் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டது 2018 டிசம்பரில். இடைப்பட்ட 11 ஆண்டுகளில் மூத்தோர் ஓய்வூதியத்துடன் விலகினர். இளையோர் வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டனர். செல்வ நாடு என்று நாம் பெருமூச்சு விடலாம். எனினும் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏழை நாட்டில் எழுதப்பட்டதுதானே!

திருமணத் திருப்பலிக்கு வரும் மணப்பெண்ணின் சேலையில், கரை சேரும் இடத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் கோர்வையா அல்லவா என்பது விரலுக்குத் தெரிந்துவிடும் என்று நெசவாளர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்தார். கோர்வையானால், துணையாளுக்குரிய பங்கு இன்றும் பெரும்பாலும் அவர்தம் கூலியிலிருந்தே போகிறது.