குப்பைக்கும் குடியிருப்புக்கும் ஒரே திசை



நினைவுரை மேடையில் வரலாறு பேசுவது நம் வழக்கம். இன்று இரண்டு கேள்விகளோடு நம் மாவட்டத்தின் வரலாற்றைத் திரும்பிப் பார்க்க விரும்புகிறேன். ஒரு நகரம் தன் குப்பையை எங்கே கொட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பை எங்கே கட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் இம்மாவட்டப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மை, கடன், பண்ணை அடிமைத்தனம் ஆகியவற்றோடு சேரி மனைக்கட்டு பற்றியும் அதில் பேசினார். குடிசை நின்ற மண்ணும் மிராசுதாரின் பிடியில் இருந்தது. எதிர்த்துக் கேட்டவனை மனையைவிட்டே வெளியேற்ற முடிந்தது. அதாவது, வீடு எங்கே இருக்கிறது என்பதே அடிமைத்தனத்தின் பூட்டாக இருந்தது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பஞ்சமி நில அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகக் கணக்கு. அதில் பெரும்பகுதி பிறகு பிறர் கைக்குப் போனது. ஆனாலும் மக்களை எண்ணிய ஓர் அறிக்கை என்ன செய்யும் என்பதற்கு அதுவே சான்று.

நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் அடுத்த படி. பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றில் யாரையும் தடுக்கக் கூடாது என்றது அது. பொதுக் கட்டடத்துக்குள் நுழையும் உரிமையை அவர் வாங்கித் தந்தார். அந்தக் கட்டடம் எங்கே எழ வேண்டும் என்று முடிவெடுக்கும் நாற்காலி நமக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மாமல்லபுரம் வட்டாரத்தில் இந்தப் போராட்டம் இரத்தம் சிந்தியது. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் தந்தார்கள்.

இனி, மாமல்லபுரத்துக்குப் போகும் பழைய சாலைக்கு வருவோம். 1980களில் சென்னை மாநகராட்சி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், பெருங்குடியில் குப்பை கொட்டத் தொடங்கியது. அன்று பெருங்குடி மாநகர எல்லைக்கு வெளியே, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. மாநகராட்சியின் முடிவில் அந்த ஊருக்குக் குரலே இல்லை. 2000 வாக்கில் அதே சாலையோரம் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என மறுகுடியமர்வு அடுக்ககங்கள் எழுந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். நகரத்தைக் கூட்டிப் பெருக்கியவர்கள், நகரம் கொட்டிய குப்பையின் திசைக்கே அனுப்பப்பட்டார்கள். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடம், அடுக்குமாடியாக மறுபடி வரையப்பட்டது.

சட்டம் என்ன சொன்னது? 2000ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் 2016 விதிகளும், உள்ளாட்சி அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30க்குள் ஆண்டறிக்கை தர வேண்டும் என்றன. குப்பை நிரப்பும் இடம் குடியிருப்பிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், பெரிய கழிவு நிலையங்களைச் சுற்றி இடைவெளி வளையம் அறிவிக்க வேண்டும் என்றும் 2016 விதிகள் சொல்லின. நல்லதுதான். ஆனால் அந்த ஆண்டறிக்கை டன் கணக்கு கேட்டது: எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு பதப்படுத்தப்பட்டது, எவ்வளவு கொட்டப்பட்டது. சுற்றி வாழ்பவர் யார், எங்கிருந்து பெயர்க்கப்பட்டவர், என்ன சாதி என்று கேட்கவில்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாட்கணக்கில் எரிந்தபோது, புகை 200 மீட்டரில் நிற்கவில்லை. அதே ஆண்டு பள்ளிக்கரணை உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்குக் கணக்கு இருக்கிறது, மகிழ்ச்சி. மனிதர்களுக்கும் வேண்டும்.

சாதியைக் கேட்டால் சாதி வளரும் என்பார்கள். 1891இல் கேட்டதால்தான் நிலம் வந்தது. கேட்காமல் விட்ட இடத்தில்தான் குப்பைமேடு வளர்ந்தது.

எனவே நம் கோரிக்கை மூன்று. மாசு குறித்த ஆண்டறிக்கையில் பாதிக்கப்படும் குடியிருப்புகளும் அங்கு வாழும் பட்டியல் சாதியினரின் எண்ணிக்கையும் இடம்பெற வேண்டும். அந்த அறிக்கை தமிழில், கிராம சபையிலும் 2022 முதல் நடக்கும் நகர்ப்புறப் பகுதி சபையிலும் வாசிக்கப்பட வேண்டும். அப்படி வாசித்து மக்கள் ஒப்புதல் பெறாமல், எந்த மன்றமும் புதிய குப்பைக் கிடங்குக்கோ மறுகுடியமர்வுக் கட்டடத்துக்கோ இடம் தேர்வு செய்யக் கூடாது.

தாம்பரம் மாநகராட்சியானது 2021இல். செங்கல்பட்டும் மாமல்லபுரமும் வீங்கிக்கொண்டிருக்கின்றன. இந்த நகரங்களின் அடுத்த குப்பைமேடு எங்கே என்ற கோப்பு ஏதோ ஒரு மேசையில் திறக்கப்படும். அது கையெழுத்தாகும் முன்பே நாம் சபைக்குப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.