போட்டியாளர் கூடிய சபை

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவதை நேயர்கள் அறிவீர்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து சென்றால், படுவான்கரையின் பழைய ஊர்களுள் ஒன்றான பழுகாமத்தை அடையலாம். அங்கே ஒருவர் பத்திரிகையை விரிக்கிறார். தலைநகர்ச் செய்தி அவர் கைக்கு எவ்வாறு வந்தது? அவருடைய ஊர்ச் செய்தி தலைநகருக்கு எவ்வாறு போகும்? இவ்விரு வினாக்களும் நம்மைப் பத்திரிகைச் சங்கங்களின் வரலாற்றுக்கு இட்டுச் செல்கின்றன.

வாசகருக்காகவும் விளம்பரத்துக்காகவும் பத்திரிகைகள் ஒன்றோடொன்று போட்டியிடுவது இயல்பு. ஆயினும், தனியொரு பத்திரிகையால் சுமக்க முடியாத பாரங்கள் உண்டு. இதனை முதலில் உணர்ந்தவை சிறிய ஊர்ப் பத்திரிகைகளே. இங்கிலாந்தில், இலண்டனுக்கு வெளியே இதழ் நடத்தியவர்கள் 1836ஆம் ஆண்டில் மாகாணப் பத்திரிகைச் சங்கத்தை நிறுவினர். அந்நாளில் விளம்பரத்துக்கு ஒரு வரி, பத்திரிகைக்கு ஒரு முத்திரை வரி, காகிதத்துக்கு மற்றொரு வரி. ஏழை வாசகருக்குப் பத்திரிகையை எட்டாக்கனியாக்கிய அவ்வரிகள், பலர் கூடி நடத்திய நெடுங்காலக் கிளர்ச்சியின் பின்னர், முறையே 1853, 1855, 1861ஆம் ஆண்டுகளில் ஒழிந்தன.

அடுத்து வந்தது செய்தியின் விலை. தந்திக் கம்பெனிகள் கொடுத்த செய்தியையே மாகாண இதழ்கள் நம்பியிருந்தன. அதில் பிழைகள் மலிந்திருந்தன. எனவே அவற்றின் உரிமையாளர்கள் 1868இல் தமக்கெனப் பொதுவான செய்தி நிறுவனம் ஒன்றை அமைத்தனர். ஊர் கூடித் தேர் இழுத்தது போன்ற செயல் அது.

அதே வழியில் நம் அயல்நாடும் நடந்தது. இந்திய, கீழைநாட்டுப் பத்திரிகைச் சங்கம் 1939இல் தோன்றியது. 1947 ஆகஸ்டு 27ஆம் நாள், பத்திரிகைகளுக்கே சொந்தமான பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா சென்னையில் பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் தலைவர் 'இந்து' பத்திரிகையின் கஸ்தூரி சீனிவாசன். ராய்ட்டர் நிறுவனத்தின் பிடியிலிருந்த உள்நாட்டுச் செய்திப் பணி 1949இல் இந்தியர் கைக்கு வந்தது.

இலங்கையில், பத்திரிகை வெளியீட்டாளரும் ஆசிரியரும் ஊடகவியலாளரும் தத்தம் அமைப்புகளின் வாயிலாக 1998இல் கொழும்புப் பிரகடனத்தை உருவாக்கினர். குற்றவியல் அவதூறுச் சட்டம் நீங்க வேண்டுமென்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. 2002இல் அச்சட்டம் நீங்கியது. வாசகர் முறைப்பாடுகளைக் கேட்கும் ஆணைக்குழுவையும் அவர்களே 2003இல் ஏற்படுத்தினர். உரிமை கேட்டவர்கள் பொறுப்பையும் ஏற்றார்கள் என்பது இங்கே கருதத்தக்கது.

எனினும் இக்கதைக்கு ஒரு துயரமான பக்கமும் உண்டு. 2004 மே 31ஆம் நாள், 'வீரகேசரி'யின் மட்டக்களப்புச் செய்தியாளர் ஐயாத்துரை நடேசன் அந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். வரியையும் வழக்கையும் எதிர்த்து நிற்கச் சங்கத்துக்கு வலிமை இருக்கலாம். தனி வழியில் செல்லும் ஒரு செய்தியாளரின் உயிருக்கு அது அரணாக முடியவில்லை.

ஆதலால், தலைநகர்ச் செய்தியை ஊருக்குக் கொண்டுவருவது பத்திரிகைச் சங்கத்தின் பணியில் பாதியே. வயலில் தண்ணீர் வற்றியதையும், பள்ளியில் ஆசிரியர் இல்லாததையும் பழுகாமத்திலிருந்து அஞ்சாமல் எழுத ஒருவர் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் எல்லாப் பத்திரிகைகளும் ஒன்றாக நிற்க வேண்டும். அதுவே மறுபாதி.