உதிர்ந்த ஓர் அடைமொழி: ஃபின்னியின் ஐந்து சைக்கிள் வீரர்கள்

1983இல் ஸ்டீபன் ஃபின்னியும் உடனாய்வாளர் நால்வரும் ‘மெட்டபாலிசம்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு நீளமானது. மாவுச்சத்தை ஏறக்குறைய முழுதும் விலக்கி, உடல் கொழுப்பையே முதன்மை எரிபொருளாக்கும் கீட்டோ நிலையில் வாழ்ந்தாலும் ‘உச்சத்துக்குக் குறைந்த’ உழைப்பைத் தாங்கும் திறன் காக்கப்படுகிறது என்பது அதன் சாரம். 2004இல் ஃபின்னி தனித்து எழுதிய மறுபார்வைக் கட்டுரைக்குத் தலைப்பு ‘கீட்டோ உணவுகளும் உடல் செயல்திறனும்’. 2012இல் ஜெஃப் வோலெக்குடன் எழுதிய நூலின் தலைப்பிலும் ‘செயல்திறன்’ என்ற சொல்தான் நிற்கிறது. முதல் தலைப்பில் இருந்த அடைமொழி இடையில் உதிர்ந்துவிட்டது. நெடுந்தூரச் சைக்கிளோட்டத்தில் குறைந்த மாவுச்சத்து உணவு பற்றிய இன்றைய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த உதிர்விலிருந்து பிறந்தது என்பது என் வாதம்.

ஃபின்னிக்கு முந்தைய வரலாறு தெரிந்ததே. 1939இல் கிறிஸ்டென்சன், ஹான்சன் இருவரும் கொழுப்புணவு உண்டவர் விரைவில் சோர்வதைக் காட்டினர். 1967இல் பெர்க்ஸ்ட்ரோம் குழு தசையிலிருந்து ஊசியால் திசு எடுத்து, அதில் சேமிக்கப்பட்ட மாவுச்சத்தான கிளைக்கோஜனை அளந்தது. சைக்கிள் மிதித்துச் சோரும்வரை தாக்குப்பிடித்த நேரம் கலப்புணவில் சுமார் 114 நிமிடம், கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டபோது 57, மாவுச்சத்து மிகுந்தபோது 167. இவற்றை ஃபின்னி மறுத்த விதம் நேர்மையானது. சில நாள் உணவு மாற்றத்தை வைத்து உடலின் தகவமைப்பை எடைபோட முடியாது, வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்றார். அதில் எனக்கு வேறுபாடில்லை.

வேறுபாடு அவருடைய சொந்த அட்டவணையில் தொடங்குகிறது. நன்கு பயிற்சி பெற்ற ஐந்து சைக்கிள் வீரர்கள். முதலில் வழக்கமான உணவு. பின் நான்கு வாரம், நாளுக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து. உச்ச ஆக்சிஜன் நுகர்வில் 62 முதல் 64 விழுக்காடு வேகத்தில், களைத்து நிற்கும்வரை மிதித்தார்கள். முன்பு 147 நிமிடம், பின்பு 151. சமம் என்றே படிக்கத் தோன்றும். அப்படித்தான் படித்தும் வந்திருக்கிறோம்.

ஆனால் அந்த எண்களுக்கு வால் உண்டு. முதலாவது 147 ± 13. இரண்டாவது 151 ± 25. ± குறிக்குப் பின்வரும் எண் ஐவரும் எவ்வளவு சிதறி நின்றார்கள் என்பதைச் சொல்வது. சராசரி அசையவில்லை, சிதறலோ ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. ஒருவரின் நேரம் பெருமளவு நீண்டது, வேறு சிலருக்குக் குறைந்தது, அந்த ஒருவரே சராசரியைத் தாங்கி நிற்கிறார். விளையாட்டு ஊட்டவியல் ஆய்வாளர் லூயிஸ் பர்க் இதை முன்பே சுட்டியிருக்கிறார். நான் அதற்கு மேலும் ஓரடி வைக்கிறேன்: ‘மாற்றமில்லை’ என்பது இந்த அட்டவணையின் முடிவே அன்று. ‘ஆளுக்கு ஆள் மாறியது’ என்பதே முடிவு.

ஃபின்னி பக்கமும் நியாயம் உண்டு. கிளைக்கோஜன் செலவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததை அவர் குழு அளந்து காட்டியது. அது உறுதியான கண்டுபிடிப்பு. 2004 கட்டுரைக்குள் எடைதூக்கலும் விரைவோட்டமும் பாதிக்கப்படும் என்றும் எழுதியிருக்கிறார். உள்ளே இருந்த எச்சரிக்கை தலைப்புக்கு வரவில்லை. வாசகர் எடுத்துச் செல்வது தலைப்பைத்தான்.

பின்வந்த ஆய்வுகள் அந்த அடைமொழியை மீண்டும் ஒட்டவைத்தன. 2006இல் ஹேவ்மன் குழு 100 கி.மீ. சைக்கிள் சோதனையின் நடுவே 1 கி.மீ. பாய்ச்சல்களைச் செருகியது. ஆறு நாள் கொழுப்புணவும் ஒரு நாள் மாவுச்சத்து நிரப்பலும் முடிந்து வந்தவர்களின் மொத்த நேரத்தில் புள்ளியியல் வேறுபாடு இல்லை. பாய்ச்சலில் மட்டும் ஆற்றல் குறைந்தது. அதே ஆண்டு ஸ்டெல்லிங்வெர்ஃப் குழு காரணத்தை நெருங்கியது. கொழுப்புக்குப் பழகிய தசையில் மாவுச்சத்தை எரியவிடும் வாயிலான நொதியின் வேகம் தணிகிறது. கிளைக்கோஜன் மிஞ்சுவது சேமிப்பால் மட்டுமில்லை, எடுத்தாள இயலாமையாலும்தான். 2017இல் பர்க், சைக்கிளை விட்டு நடைப்போட்டி வீரர்களிடம் சென்றார். மூன்று வாரப் பயிற்சிக்குப்பின் மாவுச்சத்து உண்டவர்கள் 10 கி.மீ.யில் 6.6 விழுக்காடு முன்னேற, கொழுப்புணவுக்காரர்கள் முன்னேறவில்லை. ஒரே வேகத்துக்கு அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது.

இந்த வழக்கு நமக்கு எதற்கு? நியாண்டர் செல்வனின் எழுத்து வழியாக, மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறை தமிழ் வீடுகளுக்குள் வந்து பல ஆண்டுகளாகின்றன. விடியலில் தாம்பரம் தாண்டி, காட்டாங்குளத்தூர் வழியாக ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டை நோக்கிப் போகும் சைக்கிள்காரர்களில் இட்லியை விட்டு முட்டைக்கும் பன்னீருக்கும் மாறியவர் இருந்தால் வியப்பில்லை. அவர்களுக்கு உச்ச வேகம் எந்த அளவு தேவை என்பதே கேள்வி. கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரியான பிரெவேயில் 200 கி.மீ.க்குக் கெடு 13½ மணி நேரம், அதாவது நிறுத்தங்கள் உட்பட மணிக்கு 15 கி.மீ. கூட வேண்டாம். அந்த வேகத்துக்கு 1983ஆம் ஆண்டுத் தலைப்பு அப்படியே பொருந்தும். முன்னே பிரிந்து போகும் கூட்டத்தை எட்டிப் பிடிக்க எழுந்து மிதிக்கும் இரண்டு நிமிடத்துக்குப் பொருந்தாது.

சான்று மெலிந்த இடம் ஒன்றிலும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: உப்பு. கீட்டோ நிலையில் சிறுநீரகம் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிறது. அதனால்தான் ஃபின்னி நாளுக்கு 3 முதல் 5 கிராம் சோடியம் வற்புறுத்தினார். அவர் வீரர்கள் மிதித்தது ஆய்வகத்துக்குள். மே மாதப் புழுக்கத்தில் மறைமலை நகரைக் கடப்பவர் உப்பை வியர்வையிலும் இழக்கிறார். இரண்டு இழப்பும் சேர்ந்தால் அந்த அளவு இங்கே அடிமட்டமாகவே இருக்கும் என்று கருதுகிறேன். இது அளந்த முடிவன்று, உடலியல் வழிப்பட்ட ஊகம். ஆனால் உப்பைக் குறைப்பதே ஆரோக்கியம் என்று கேட்டுப் பழகிய ஊரில் இதைச் சொல்லாமல் விடுவது தவறு. ரத்த அழுத்தம் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

தகவமைப்பு எப்போது முடிகிறது என்பது இன்னும் தீராதது. ஃபின்னி வாரங்கள் என்றார். 2021இல் பர்க் குழு ஐந்தாறு நாளிலேயே கொழுப்பெரிப்பு உயர்ந்துவிடுவதையும் செயல்திறன் அப்போதும் குறைவதையும் காட்டியது. மாதங்கள் வேண்டும் என்போரும் உண்டு. கொழுப்பெரிப்பு உயரும் நாளும் உடல் முழுதாகப் பழகும் நாளும் ஒன்றுதானா என்று இருதரப்பும் ஒத்துக்கொள்ளாதவரை எந்தத் தேதியையும் நான் முன்வைக்க மாட்டேன்.

ஐவரில் அந்த ஒருவர் மட்டும் எஞ்சுகிறார். எல்லோருக்கும் வழக்கமான உணவு முதலில், கீட்டோ பின்னால். வரிசை மாற்றிச் சோதிக்கவில்லை. அவர் உடல் கொழுப்புக்குப் பழகியதா, இரண்டாம் முறை சோர்வைத் தாங்கக் கற்றிருந்தாரா என்பதை அந்த ஆய்வுக்குள் நின்று பிரித்தறிய வழியில்லை.