ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தை எரிவாயு கலனில் சேர்க்காதீர்கள்!

மாட்டுக்கு ஊசி போட்ட சில நாட்களில் அடுப்பில் சுடர் குறைகிறதா? குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பதோடு, கலனில் ஊற்றிய சாணத்தையும் கவனியுங்கள்.

காரணம் என்ன?

சாண எரிவாயுவை உண்டாக்குபவை, கலனுக்குள் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள். ஒரு வகை சாணத்தைச் சிதைத்து அமிலமாக்கும். மற்றொரு வகை அதிலிருந்து மீத்தேன் உண்டாக்கும். மாட்டுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் முழுவதும் உடலில் செலவாவதில்லை. ஆக்சிடெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளின் பெரும்பகுதி வீரியத்துடனேயே சாணத்திலும் சிறுநீரிலும் வெளியேறும். கலனுக்குள் சென்றால் அங்குள்ள நுண்ணுயிர்களையும் தாக்கும். இரண்டு வகைகளும் சேர்ந்து செய்யும் வேலை தடைபட்டு, அமிலம் தேங்கி, எரிவாயு குறையும்.

சிறிய கலனுக்கே பாதிப்பு அதிகம்

ஒரு கன மீட்டர் கலனுக்குத் தினமும் சுமார் 25 கிலோ சாணம் தேவை. இரண்டு, மூன்று மாடுகளின் சாணமே இதற்குப் போதும். அதில் ஒரு மாட்டுக்குச் சிகிச்சை நடந்தால், கலனுக்குப் போகும் சாணத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது பாதி மருந்து கலந்ததாகிவிடும். பெரிய பண்ணையில் மற்ற மாடுகளின் சாணத்தோடு கலப்பதால் பாதிப்பு குறைவு.

செய்ய வேண்டியவை

* சிகிச்சை நாட்களிலும், முடிந்து ஒரு வாரம் வரையும் அந்த மாட்டின் சாணத்தைத் தனிக் குழியில் போடுங்கள். நன்கு மக்கினால் பல மருந்துகளின் வீரியம் குறையும். பச்சையாக வயலில் இட்டால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் மண்ணில் பெருக இடம் கொடுக்கும்.
* மடிநோய்க்கு மருந்து ஏற்றிய மாட்டின் பாலைக் கலனில் ஊற்றாதீர்கள். கன்றுக்கும் கொடுக்காதீர்கள்.
* பினாயில், பிளீச்சிங் பவுடர் கலந்த தொழுவம் கழுவிய நீரையும் கலனில் விடாதீர்கள்.
* கால்நடை மருத்துவர் சொன்ன அளவிலும் நாட்களிலும் மட்டுமே மருந்து கொடுங்கள்.

எரிவாயு ஏற்கெனவே குறைந்துவிட்டதா?

இரண்டு, மூன்று நாட்கள் சாணம் ஊற்றுவதை நிறுத்துங்கள். நன்றாக இயங்கும் பக்கத்துக் கலனின் கழிவுக் கரைசலைச் சில குடம் ஊற்றுங்கள். பிறகு நலமான மாட்டின் சாணத்தைப் பாதி அளவில் தொடங்கி, சுடர் திரும்பியதும் முழு அளவுக்கு உயர்த்துங்கள். குளிர்காலத்திலும் எரிவாயு குறையும் என்பதால், சிகிச்சை தேதியைக் குறித்து வைத்தால் காரணத்தைக் கண்டறிவது எளிது.